அடுக்குத் தகடு எந்தச் சுமையில் உடையும்? ஒரு தகடும் மூன்று விடைகளும்

கேள்வி இதுதான். கார்பன் இழையும் எபாக்சிப் பிசினும் கொண்டு செய்த நான்கு அடுக்குத் தகடு. அடுக்குகளின் கோணம் முறையே 0, 90, 90, 0 பாகை. மொத்தத் தடிமன் 0.5 மி.மீ. இதை 0 பாகைத் திசையில் இழுத்தால், அடுக்கு எப்போது பழுதாகும் என்று கணிக்கும் சாய்–வூ சமன்பாட்டின்படி சுமார் 370 மெகாபாஸ்கலில் பழுதாக வேண்டும். சோதனை எந்திரத்தில் மாட்டி இழுத்தபோதோ, நடுவில் டிக், டிக் என்று சில ஒலிகள் கேட்டதோடு சரி; 700 மெகாபாஸ்கலைத் தாண்டிய பிறகுதான் தகடு முறிந்தது. அப்படியானால் சாய்–வூவை விட்டுவிட்டு ஹாஷின் அல்லது புக் சமன்பாட்டைப் பயன்படுத்தினால் சரியான விடை வருமா என்று கேட்கிறீர்கள்.

வராது. உங்கள் கணக்கில் சமன்பாடு பிழை செய்யவில்லை. அது நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. இந்த எளிய தகட்டுக்கே "உடையும் சுமை" என்று ஒற்றை எண் கிடையாது. எண்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். பாடநூல்களில் நெடுங்காலமாகப் புழங்கும் டி300 இழை, 5208 எபாக்சி ஆகியவற்றின் மதிப்புகளை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கும் அவற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். ஓர் அடுக்கின் யங் குணகம் இழைத் திசையில் 181 ஜிகாபாஸ்கல், குறுக்கே 10.3 ஜிகாபாஸ்கல். இழுவை வலிமை இழைத் திசையில் 1500 மெகாபாஸ்கல், குறுக்கே வெறும் 40 மெகாபாஸ்கல். இந்த இரண்டு வலிமைகளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது மடங்கு வித்தியாசம் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எதுவும் வியப்பளிக்காது.

தகட்டை இழுக்கும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் எல்லாவற்றிலும் திரிபு, அதாவது நீளும் விகிதம், ஒன்றே. தகைவுதான், அதாவது ஓரலகுப் பரப்பில் வரும் விசைதான், அடுக்குக்கு அடுக்கு வேறுபடுகிறது. தகட்டின் சராசரி யங் குணகம் 96 ஜிகாபாஸ்கல் என்று வரும். 90 பாகை அடுக்கில் இழைகள் இழுவைக்குக் குறுக்கே கிடப்பதால் அங்கே சுமையைத் தாங்குவது பெரும்பாலும் பிசின்தான், திரிபு 0.39 விழுக்காட்டை எட்டும்போது அந்த அடுக்கின் குறுக்குத் தகைவு 40 மெகாபாஸ்கலைத் தொட்டுவிடுகிறது. அப்போது தகட்டின் சராசரித் தகைவு 374 மெகாபாஸ்கல். நீங்கள் கண்ட எண் இதுதான். இதை முதல் அடுக்குப் பழுது என்பார்கள். நடு அடுக்குகளின் பிசினில் இழைக்கு இணையாக மெல்லிய விரிசல் விழுகிறது, தகடு முறிவதில்லை. விரிசல் விழுந்த இடத்தில் 90 பாகை அடுக்கு சுமையை 0 பாகை அடுக்குகளிடம் ஒப்படைத்துவிட, அவை மேலும் தாங்குகின்றன. 90 பாகை அடுக்குகள் முழுவதுமாகக் கைவிட்டுவிட்டன என்றே வைத்துக்கொண்டாலும், தகட்டின் பாதித் தடிமனில் இருக்கும் 0 பாகை இழைகள் 1500 மெகாபாஸ்கல் தாங்குவதால் தகடு 750 மெகாபாஸ்கல் வரை நிற்கும். உங்கள் எந்திரம் காட்டியது இதை ஒட்டிய எண். நடுவில் கேட்ட ஒலிகள் பிசின் விரிசல்களுடையவை.

ஆக, முதல் விரிசலுக்கும் முறிவுக்கும் இடையே இரண்டு மடங்கு இடைவெளி இருக்கிறது என்று சொல்லி இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். பல பாடநூல்கள் அப்படித்தான் நிறுத்துகின்றன. ஆனால் அந்த 374 என்ற எண்ணையே நான் நம்பமாட்டேன்.

இந்தப் பிசின் சுமார் 177 பாகை செல்சியசில் பதப்படுத்தப்படுகிறது. ஆட்டோகிளேவ் என்ற அழுத்த உலையிலிருந்து வெளியே வந்து தகடு அறை வெப்பநிலைக்குக் குளிரும்போது ஒவ்வோர் அடுக்கும் குறுக்குத் திசையில் சுருங்கப் பார்க்கிறது. பக்கத்து அடுக்கின் கார்பன் இழைகளோ வெப்பத்துக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை. இழைத் திசையில் விரிவுக் குணகம் பாகைக்கு மில்லியனில் 0.02 பங்கு, குறுக்கே 22.5 பங்கு என்று எடுத்துக்கொண்டு, 157 பாகைக் குளிர்ச்சிக்குக் கணக்கிட்டால், எந்திரத்தில் மாட்டுவதற்கு முன்பே 90 பாகை அடுக்கில் குறுக்காக 33 மெகாபாஸ்கல் இழுவைத் தகைவு உட்கார்ந்திருக்கிறது. வலிமை 40, அதில் 33 ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சமிருக்கும் 7 மெகாபாஸ்கலுக்குக் கணக்கிட்டால் தகட்டின் முதல் விரிசல் சுமார் 60 மெகாபாஸ்கலிலேயே வந்துவிட வேண்டும். நடைமுறையில் நிலைமை இவ்வளவு மோசமாக இருப்பதில்லை. குளிர்ச்சியின் தொடக்கத்தில் பிசின் இன்னும் சற்று இளகிய நிலையில் இருப்பதால் தகைவில் ஒரு பகுதி தளர்ந்துபோகிறது. பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசின் உப்பும்போது இன்னொரு பகுதி குறைகிறது. ஆனாலும் 33 என்பதைச் சுழியம் என்று வைத்துக் கணக்குப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

எதிர்த்திசையில் தள்ளும் காரணமும் ஒன்று உண்டு. 40 மெகாபாஸ்கல் என்ற குறுக்கு வலிமை எங்கிருந்து வந்தது? எல்லா இழைகளும் குறுக்கே கிடக்கும் தனித் தகட்டை இழுத்து அளந்தது அது. அங்கே ஒரு சிறு குறை விரிசலாக வளரத் தொடங்கினால் அதைத் தடுக்க ஆள் இல்லை. துண்டு அப்படியே இரண்டாகிவிடும். உங்கள் தகட்டிலோ 90 பாகை அடுக்கின் இருபுறமும் 0 பாகை இழைகள் காவல் நிற்கின்றன. விரிசல் திறந்துகொள்ள வேண்டுமானால் அவற்றையும் சேர்த்து இழுத்தாக வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பர்விசி, காரட், பெய்லி ஆகியோர் கண்ணாடி இழைத் தகடுகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: உள்ளே இருக்கும் குறுக்கு அடுக்கு மெலிய மெலிய, அது விரிசல் விடும் திரிபு கூடிக்கொண்டே போகிறது. இதை அடுக்கின் இருப்பிட வலிமை என்று சொல்லலாம். மெல்லிய அடுக்குக்கு அது தடிமனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். முறிவு இயக்கவியலிலிருந்து நேரடியாக வரும் சூத்திரம் இது. பிசினின் முறிவு ஆற்றலைச் சதுர மீட்டருக்கு 200 ஜூல் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் தகட்டின் 0.25 மி.மீ. தடிமனுள்ள நடுப்பகுதிக்குக் கணக்கிட்டால் 100 மெகாபாஸ்கல் வருகிறது. அதிலிருந்து 33-ஐக் கழித்து மறுபடியும் தகட்டுக்குப் போனால் முதல் விரிசல் 630 மெகாபாஸ்கலை ஒட்டி வரும்.

60, 374, 630. ஒரே தகடு, ஒரே பொருள், ஒரே சமன்பாடு. இந்த மூன்றுக்கும் இடையிலான பத்து மடங்கு வித்தியாசத்தில் சாய்–வூவா ஹாஷினா என்ற கேள்விக்குப் பங்கே இல்லை. 374 என்ற விடை நடுவில் வந்து விழுந்ததற்குக் காரணம், வெப்பத் தகைவை விட்டதும் இருப்பிட வலிமையை விட்டதும் எதிரெதிராக இழுத்ததுதான். பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டுவதை நம்பிப் பொறியியல் செய்யக் கூடாது. இன்னொரு தகட்டில் அவை ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். 90 பாகை அடுக்குகளை ஒன்றாகக் குவித்துத் தடிமனாக வைத்துப் பாருங்கள், இருப்பிட வலிமை இறங்கிவிடும், வெப்பத் தகைவு மட்டும் அப்படியே இருக்கும். ஒரே கோண அடுக்குகளை ஓரிடத்தில் சேர்க்காமல் பிரித்து வையுங்கள் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு மாறாக, இறுதி முறிவுச் சுமை மேலே சொன்ன எதையும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். அது இழைகளின் கையில் இருக்கிறது. இழைகள் போதுமான அளவு சுமைத் திசையில் கிடக்கும் தகட்டில் இழுவை முறிவை ஏறக்குறைய மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். ஹார்ட்-ஸ்மித் பரிந்துரைத்த பத்து விழுக்காட்டு விதி அப்படிப்பட்டது: சுமைத் திசையில் இல்லாத ஒவ்வோர் அடுக்கும் 0 பாகை அடுக்கில் பத்தில் ஒரு பங்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வது. உங்கள் தகட்டுக்கு 0.5 உடன் 0.05-ஐக் கூட்டி 1500-ஆல் பெருக்கினால் 825 மெகாபாஸ்கல். முழுக் கணக்கில் வரும் 750-க்கு இது பத்து விழுக்காட்டு அளவில் நெருங்கிவிடுகிறது. கணினி தரும் எந்த எண்ணையும் முதலில் இப்படி ஓர் உரைகல்லில் உரசிப் பார்ப்பது என் வழக்கம். பல முறை அது என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்படியானால் சமன்பாடுகளின் தேர்வு எங்கே முக்கியமாகிறது? பிசின் சுமையைத் தாங்கும் இடங்களில். கூட்டல் கழித்தல் 45 பாகைத் தகட்டை இழுக்கும்போது, அல்லது ஓர் அடுக்கில் குறுக்கு அமுக்கமும் ஷியர் (சறுக்குப்) தகைவும் சேர்ந்து வரும்போது. 1971-இல் வந்த சாய்–வூ சமன்பாடு எல்லாத் தகைவுகளையும் ஒரே இருபடிக் கோவையில் போட்டு, அது ஒன்றைத் தொட்டால் பழுது என்கிறது. கையாள எளிது, வழவழப்பான ஒற்றைப் பரப்பு. ஆனால் பழுதானது இழையா பிசினா என்று அது சொல்லாது. இழைத் தகைவையும் குறுக்குத் தகைவையும் இணைக்கும் குணகத்துக்கு இருதிசைச் சோதனை தேவை. அதைச் செய்வது கடினம் என்பதால் பெரும்பாலானோர் வழக்கமான ஒரு மதிப்பை இட்டு நிரப்பிவிடுகிறார்கள். குறுக்கு அமுக்க வலிமையை மாற்றினால், அதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு மூலையில் விடை நகர்வது இந்தக் கோவையின் குணம். 1980-இல் ஹாஷின் இழையின் இழுவை, இழையின் அமுக்கம், பிசினின் இழுவை, பிசினின் அமுக்கம் என்று நான்காகப் பிரித்தார். எந்த வகையில் பழுதாயிற்று என்று தெரிந்தால்தான் அடுத்து எந்த விறைப்பைக் குறைப்பது என்று முடிவுசெய்ய முடியும் என்பதால் இது பெரிய முன்னேற்றம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் புக் இன்னும் ஒரு படி மேலே போய், பிசின் முறிவு எந்தத் தளத்தில் நிகழ்கிறது என்றே தேடினார். குறுக்கே அமுக்கும்போது முறிவுத் தளம் அமுக்கும் திசைக்குச் செங்குத்தாக நிற்காமல் ஏறத்தாழ 53 பாகை சாய்கிறது. சாய்ந்த ஆப்பு ஒன்று வழுக்கி வெளியேறிப் பக்கத்து அடுக்குகளைப் பிளக்கிறது. முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோட்பாடு உடனே பிடித்துப்போகும்.

இவற்றில் எது சிறந்தது என்று பார்க்கவே ஹின்டன், சோடன், கத்தூர் ஆகிய மூவர் 1990களில் ஓர் உலகளாவிய ஒப்பீட்டை நடத்தினார்கள். கோட்பாடுகளை உருவாக்கியவர்களையே அழைத்து, அனைவருக்கும் ஒரே பொருள் மதிப்புகளைக் கொடுத்து, சோதனை முடிவுகளைக் காட்டாமல் 14 நேர்வுகளுக்கு முன்கணிப்புக் கேட்டார்கள். அந்தக் கணிப்புகள் 1998-இல் வெளிவந்தன. சோதனைகளுடன் ஒப்பிட்டு முடிவுரை எழுத 2004 ஆயிற்று. புக், குன்ட்சே, சாய், சினோவியெவ், பொகெட்டி ஆகியோரின் கோட்பாடுகள் முன்வரிசையில் நின்றன. ஆனால் எதுவுமே எல்லா நேர்வுகளிலும் சரியாகச் சொல்லவில்லை. பல இடங்களில் கோட்பாடுகள் ஒன்றுக்கொன்று மடங்குக் கணக்கில் வேறுபட்டன. வலிமையை மட்டுமல்ல, முறியும் முன் தகடு எவ்வளவு நீளும் என்பதைச் சொல்வதிலும் தடுமாறின. தம் கோட்பாட்டைத் தாமே பயன்படுத்தியவர்களின் நிலையே இது என்றால், மென்பொருளின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நாம் அடக்கத்தோடு இருப்பது நல்லது.

இதுவரை சொன்னது இழுவை. தகட்டை அமுக்கினால் கதை வேறு. உங்கள் 0.5 மி.மீ. தகட்டை 100 மி.மீ. அகலத்தில் நான்கு ஓரமும் தாங்கி நிறுத்தி நீளவாக்கில் அமுக்கினால், அது 4 மெகாபாஸ்கலுக்கும் கீழேயே வளைந்து நெளிந்துவிடும். 750 மெகாபாஸ்கல் என்ற வலிமைக்கு அங்கே வேலையே இல்லை. தடித்த தகட்டில் நெளிவைத் தடுத்துவிட்டாலும், அமுக்க வலிமை இழையின் நேர்த்தன்மையைப் பொறுத்தது. அர்கன் 1972-இல் தந்த எளிய கணக்கின்படி, பிசினின் ஷியர் விளைதகைவை (பிசின் மீளாமல் உருமாறத் தொடங்கும் தகைவை) இழையின் ஆரம்பச் சாய்வால் வகுத்தால் அமுக்க வலிமை கிடைக்கும். விளைதகைவு 60 மெகாபாஸ்கல் என்றால், இழை 2 பாகை கோணியிருக்கும் தகட்டுக்கு 1700 மெகாபாஸ்கலும், 3 பாகை கோணியிருந்தால் 1150-உம் வருகின்றன. அடுக்கை விரிக்கும்போது கை சற்று இழுத்துவிட்டால் போதும், ஒரு பாகை வந்துவிடும். இழை மாறவில்லை, பிசின் மாறவில்லை, மூன்றில் ஒரு பங்கு வலிமை போய்விட்டது. எனவே அமுக்க வலிமையைப் பொருளின் குணம் என்று சொல்வதைவிடப் பட்டறையின் குணம் என்று சொல்வதே பொருந்தும்.

துளை இருந்தால் இன்னொரு சங்கடம். எல்லாத் திசையிலும் சம விறைப்புள்ள அடுக்குத் தகட்டில் வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. துளை சிறிதானாலும் பெரிதானாலும் அதே மூன்று மடங்குதான். ஆனால் சிறு துளையுள்ள தகடு பெரிய துளையுள்ளதைவிட நன்றாகத் தாங்குகிறது. விட்னி, நியூஸ்மர் இருவரும் 1974-இல் இதற்கு எளிய வழி சொன்னார்கள்: ஓரத்தில் உள்ள தகைவைப் பார்க்காமல், ஓரத்திலிருந்து சிறு தொலைவு உள்ளே தள்ளிப் பாருங்கள். அந்தத் தொலைவை 1 மி.மீ. என்று கொண்டால், 3 மி.மீ. விட்டத் துளையுள்ள அகலமான தகட்டுக்கு முழுத் தகட்டின் வலிமையில் 73 விழுக்காடும், 25 மி.மீ. துளைக்கு 40 விழுக்காடும் மிஞ்சுகின்றன. அந்த 1 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சோதனையிலிருந்து பொருத்தி எடுத்தது என்பதுதான் நேர்மையான விடை. ஒவ்வொரு பொருளுக்கும் அடுக்கமைவுக்கும் அதை அளந்தே ஆக வேண்டும்.

விமானத் துறையினர் இந்த நிலைமையோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்தால் முன்கணிப்பின் இடம் எது என்று விளங்கும். அவர்கள் ஒரு சமன்பாட்டை நம்பி இறக்கை செய்வதில்லை. நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளில் தொடங்கி, துளையுள்ளவை, அடிபட்டவை, இணைப்புகள், முழு உறுப்புகள் என்று படிப்படியாக ஏறுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் கணக்கைச் சோதனையோடு பொருத்திய பிறகே அடுத்த படி. வலிமையாகச் சராசரியை எடுப்பதில்லை. பொருளில் 90 விழுக்காடு அதைத் தாண்டும் என்று 95 விழுக்காட்டு உறுதியோடு சொல்லக்கூடிய எண்ணையோ, இன்னும் கடுமையாக 99 விழுக்காடு தாண்டும் எண்ணையோ எடுக்கிறார்கள். பறப்பில் எதிர்பார்க்கும் மிகப் பெரிய சுமையின் 1.5 மடங்கை உடையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. போயிங் 787-இன் எடையில் பாதி கூட்டுப்பொருள். 2009-இல் அதன் நிலைச் சோதனையின்போது இறக்கை உடலோடு சேரும் இடத்தை வலுவாக்க வேண்டியிருப்பது தெரிந்து முதல் பறப்பு தள்ளிப்போடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்றுதான் பறந்தது. 2010 மார்ச்சில் இறக்கைகளை 150 விழுக்காட்டுச் சுமைக்கு ஏற்றியபோது நுனிகள் ஏறத்தாழ 25 அடி மேலே வளைந்தன. அத்தனை கணினியும் ஆளும் இருந்தும் சிக்கல் வந்தது தகட்டின் நடுவில் அல்ல, சுமை ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில். சமன்பாடுகள் பெரும்பாலும் தகட்டின் நடுவைப் பற்றியே பேசுகின்றன.

உங்கள் தகட்டுக்குத் திரும்புவோம். சோதனைத் துண்டு எங்கே முறிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பிடியின் விளிம்பில் முறிந்திருந்தால் அந்த 700 என்பதும் தகட்டின் வலிமை அல்ல, பிடியின் வலிமை. நான் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் வரிசையாகப் பதினோரு துண்டுகளைப் பிடியிலேயே முறித்துவிட்டு, பொருள் மட்டம் என்று அறிக்கை எழுதத் தொடங்கியிருந்தேன். பிடிக்குள் போகும் முனைகளில் ஒட்டும் முனைப்பட்டைகளின் ஓரத்தைச் சரிவாகச் சீவாமல் ஒட்டியிருந்தேன் என்பதை அங்கிருந்த பழைய தொழில்நுட்பர் ஒருவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்.

அடுத்த முறை ஒரு துண்டின் பக்க ஓரத்தை மேலும் மேலும் நைசான எமரித் தாளால் கண்ணாடிபோல் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். 200 மெகாபாஸ்கலில் நிறுத்தி, எந்திரத்தை இறக்கி, ஓரத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். பிறகு 300, 400, 500, 600. 90 பாகை அடுக்குகளில் குறுக்கே மயிரிழைபோல் விழும் கோடுகளை எண்ணி, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று ஒவ்வொரு சுமைக்கும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கோடு எந்தச் சுமையில் வருகிறது என்பதை அறிக்கையில் முதல் விரிசல் என்றும், முறிந்த சுமையை இறுதி முறிவு என்றும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் கோடு 60-க்கு அருகிலா, 374-க்கு அருகிலா, 630-க்கு அருகிலா என்று பார்த்தபின், எந்த அனுமானம் உங்கள் தகட்டுக்குப் பொருந்தியது என்பது தெரியும். அதன்பிறகு புக் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.